றெக்கை வைத்த தோல் கோட்டு

ஆவூரில் எனக்குப் பெயர் செக்கர். கோவில் பதிவேட்டில் லூர்துநாதன் என்று இருக்கும். அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. தோல் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சென்னைக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவன் நான். நான் பாஸ் போட்டால்தான் உடுப்பு பெட்டிக்குள் போகும். ரிஜெக்ட் என்றால் தைத்தவன் முகம் சுண்டிப்போகும். முதலாளியே வந்து கெஞ்சினாலும் கோணல் தையலை நேர் என்று சொன்னதில்லை. அதில் எனக்கு அவ்வளவு திமிர். இப்போதுதான் அதைத் திமிர் என்கிறேன். அப்போது அதற்கு நேர்மை என்று பேர் வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. விராலிமலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் மாமனார், தான் வாங்கிக் கொடுத்த ஷூவைக் காட்டி, "ஒரிஜினல் லெதருதானே செக்கரே?" என்றார். ஆசையாகத்தான் கேட்டார். நான் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "ரெக்சின்" என்றேன். மேடையில் அத்தனை பேருக்கும் கேட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜெயராணி என்னோடு பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "ஒங்க வாயில ஒரு நல்ல வார்த்தை வந்தா நாக்கு வெந்துருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் கம்பெனியின் பேர்போன சரக்கு விமானிக் கோட்டு. உலகப் போர்க் காலத்தில் விமானம் ஓட்டியவர்கள் போட்ட தோல் கோட்டை, தையலுக்குத் தையல் அப்படியே திருப்பிச் செய்து தரச் சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஊரில் இதை லெதர் ஜாக்கெட் என்று சொல்லப்போய்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததால், கோட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அசலா போலியா என்று பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். முதுகு ஒரே தோலாக இருக்க வேண்டும். நடுவில் ஒட்டு இருந்தால் தள்ளு. கையை விட்டுக்கொள்ளப் பக்கவாட்டில் பை இருந்தால் அது சினிமாக்காரன் கோட்டு. பட்டாளத்தில் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்க விடமாட்டார்கள். காலர் மடிப்புக்கு அடியில் வெளியே தெரியாத பட்டன், அங்குலத்துக்குப் பத்துத் தையல், ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு தோல் பட்டை. இது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. துணியில் போட்ட தையலைப் பிரித்து ஒரு தண்ணீர் நனைத்தால் ஊசி போன தடம் மறைந்துவிடும். தோலில் மறையாது. குத்தினால் குத்தியதுதான்.

கம்பெனிக்கே தெரியாத வழக்கம் ஒன்றும் எனக்கு இருந்தது. நான் முழுத் திருப்தியோடு பாஸ் போட்ட மாதிரிக் கோட்டுகளில், முன்பக்கம் மூடி வைத்துத் தைத்த இரண்டு பைகளில் இடது பையின் உள்பக்கத் துணியில் பேனாவால் பொடியாக ஒரு சிலுவையும் பக்கத்தில் ஒரு நம்பரும் போடுவேன். இருபத்தாறு வருடத்தில் அப்படிப் பத்தொன்பதுதான் தேறின. அதில் பதினேழாம் நம்பரை நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஆவூர் வெயிலில் அதை எங்கே போடுவது? பீரோவில் தொங்கியது.

அடுத்த வீட்டு அற்புதமேரி அதைக் கேட்டு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். புருஷன் இல்லாதவள். அங்கன்வாடியில் சமைத்துப்போட்டு ஒரே மகனை வளர்த்தாள். அவன் ஜெஸ்வின், டிப்ளமோ முடித்துவிட்டு நாலு வருடம் சும்மா இருந்தான். ஒரு ஏஜெண்ட் மூலம் குளிர் நாடு ஒன்றில் குடோன் வேலை கிடைத்தது. அந்த நாடு பக்கத்து நாட்டோடு சண்டையில் இருப்பதாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அது அங்கிட்டு, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி" என்றான் ஏஜெண்ட்.

"அண்ணே, ஐஸ் கொட்டுற ஊராம். பழைய கம்பளிச் சட்டை எதுவும் இருந்தாக் குடுங்க" என்றாள் அற்புதமேரி.

நான் பதினேழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். ஜெஸ்வின் போட்டுக்கொண்டு எங்கள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றான். அவனுக்கென்றே அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் அசல் கோட்டில் இடது நெஞ்சில் விமானியின் றெக்கைச் சின்னமும் அதன் கீழே பெயர்ப் பட்டையும் இருக்கும். கம்பெனியில் அதைத் தைப்பதில்லை, வாங்குகிறவன் தைத்துக்கொள்வான். மொட்டை நெஞ்சோடு அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைத் தோலில் ஒரு சாண் அகலத்துக்கு, விரித்த இரண்டு றெக்கையை ஒரே துண்டாக வெட்டினேன். பட்டையில் ஜெஸ்வின் பெயரை ஆங்கிலத்தில் அழுத்தினேன். இரண்டு நாள் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன்.

"அண்ணே, இந்த றெக்கை எதுக்கு? வெள்ளையா துருத்திக்கிட்டு இருக்கே. வெறும் கோட்டே போதும்ணே" என்று அற்புதமேரி மெல்லச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "கோட்டுன்னா அதுக்கு ஒரு மொறை இருக்கு ஆத்தா. அரைகொறையா மாட்டி அனுப்ப நான் என்ன சந்தையில கூறு கட்டி விக்கிறவனா?"

ஜெஸ்வின் சிரித்தான். "மாமா, நான் குடோன்ல அட்டைப்பெட்டி அடுக்கப் போறேன். இதப் பாத்துட்டு என்னைய பிளேன் ஓட்டச் சொல்லிறப் போறாங்க!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அவன் போன இடத்தில் இதைப் பிரித்து எறிந்துவிடுவான் என்று எனக்குள் ஒரு சந்தேகம். "இந்தா பாரு, பிரிச்சேன்னா தோல்ல ஓட்டை ஓட்டையாத் தெரியும். கோட்டே வீணாப்போகும். பிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றேன்.

"மாதா மேல சத்தியம் மாமா" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சொன்னான்.

அவன் அங்கே போய், கோட்டோடு பனியில் நின்று அனுப்பிய போட்டோவை என் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். அவன் முகத்தை அல்ல, கோட்டைத்தான் காட்டினேன்.

போன ஜனவரியில் அவனிடமிருந்து போன் வருவது நின்றது. சண்டை இடம் மாறி, குடோன் இருந்த ஊருக்கே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அற்புதமேரி புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்கு ஏழெட்டுத் தடவை நடந்தாள். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அதில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்தாள்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும், குன்றாண்டார்கோவிலிலிருந்து வெற்றிசெல்வன் என்ற பையன் வந்தான். ஜெஸ்வினோடு அதே குடோனில் வேலை பார்த்தவன். ஊர் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு ரெக்சின் பை. நான் அற்புதமேரி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். ஜெஸ்வின் சுடப்பட்டான். இவன்தான் ஒரு வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே கோட்டைக் கழற்றி இவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே தூக்கிப் போனார்கள். அரை மணியில் ஆள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் ஊரையே காலி செய்யச் சொல்லி வேலைக்காரர்களை பஸ்ஸில் ஏற்றி, எல்லையில் ஒரு முகாமில் போன்கூட இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். இறந்தவர்களை அங்கேயே எங்கோ மொத்தமாகப் புதைத்ததாகக் கேள்வி.

அற்புதமேரி அழவில்லை. கோட்டைப் பாயில் விரித்துப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். பங்குச்சாமியாரும் வந்திருந்தார். உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் உடுத்திய உடுப்பைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்து அடக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மணமேல்குடியில் கடலுக்குப் போய்த் திரும்பாத என் சித்தப்பா மகனுக்கு ஒரு வேட்டியை வைத்து அடக்கினார்கள். ஆனால் உடுப்பு அவருடையதுதான் என்று யாராவது துணிந்து சொல்ல வேண்டும்.

"இன்னொருத்தர் துணியை வச்சு அடக்கம் பண்ணிரக் கூடாது. செக்கரு பாத்துச் சொல்லட்டும்" என்றார் சாமியார்.

அற்புதமேரி என் கையைப் பிடித்தாள். "அண்ணே, எம்புள்ள கோட்டுல றெக்கை இருந்துச்சு. பேரு இருந்துச்சு. நீங்கதானே தச்சீங்க? இதுல ஒண்ணுமில்ல பாருங்க. வெறுசாக் கெடக்கு. இந்தத் தம்பி வேற யாரு கோட்டையோ மாத்தி எடுத்துட்டு வந்துருச்சு. இது டூப்ளிகேட்டுதானே? ஒங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கண்ணே."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர், இது அசல் என்று சொல்லுங்கள் என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். இது போலி என்று சொல்லுங்கள் என்று கெஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

நான் பாயில் உட்கார்ந்தேன். முதுகைப் புரட்டினேன், ஒரே தோல். காலரைத் தூக்கினேன், பட்டன் இருந்தது. நகத்தால் தையலை எண்ணினேன், பத்து. எண்ணத் தேவையே இல்லை, கதவைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எண்ணினேன். ஏதாவது ஒன்று தப்பாக இருந்துவிடாதா என்றுதான் எண்ணினேன். இடது பையின் உள்துணியை வெளியே இழுத்தேன். ரத்தம் காய்ந்து அட்டையாக விறைத்திருந்தது. அதன் ஓரத்தில், என் கையெழுத்தில் ஒரு சிலுவை, பதினேழு.

பேசாமல் துணியை உள்ளே தள்ளிவிட்டு, டூப்ளிகேட் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் என்னை மறுத்துப் பேச ஒருவருக்கும் தெரியாது. அவள் இன்னும் இருபது வருடம் இரண்டு பேருக்குச் சோறு வடித்திருப்பாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கத்தான் செய்தேன்.

"ஒரிஜினல்" என்றேன்.

நல்ல மனசால் சொன்னதில்லை அது. பழக்கம். விராலிமலைக் கல்யாணத்தில் சொன்ன அதே குரல்தான். என் நாக்குக்கு வேறு எதுவும் தெரியாது.

அவள் என் கையை விட்டாள். "அப்ப றெக்கை எங்கண்ணே?" என்றாள்.

இடது நெஞ்சை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நான் குத்திய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. இரண்டு றெக்கையின் வளைவு, கீழே பட்டையின் நாலு பக்கம், ஒன்றுகூடக் குறையாமல். நூலை பிளேடால் அறுத்திருந்தார்கள். அதற்குக் கீழே இரண்டு விரல் தள்ளிக் குண்டு போன துளை. அதைச் சுற்றி ரத்தம் பரவி, தோல் கறுத்து வெடித்திருந்தது. றெக்கையும் பட்டையும் இருந்த இடத்தில் மட்டும் கறை படவில்லை. றெக்கை வடிவத்தில் தோல் புதிதாக, நான் எண்ணெய் தடவிக் கொடுத்த அன்று இருந்ததுபோல் மினுங்கியது.

அப்படியென்றால் குண்டு பட்டபோது றெக்கை மேலே இருந்திருக்கிறது. ரத்தம் வடிந்தபோதும் இருந்திருக்கிறது. பிறகுதான் யாரோ அறுத்திருக்கிறார்கள்.

வெற்றிசெல்வனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"நீதான் அறுத்தியா?"

"ஆமாங்கய்யா."

"ஏன்?"

"பஸ்ஸு வழி நெடுக செக்போஸ்ட்டுங்க. பட்டாளத்துச் சாமான் மாதிரி எதைக் கண்டாலும் எறக்கி நிறுத்திருவாங்க." கோட்டை ஒருமுறை பார்த்தான். "அது மட்டும் இல்லங்கய்யா. அம்மா பாக்க வேணாம்னு நெனச்சேன்."

"எதைப் பாக்க வேணாம்னு?" என்றாள் அற்புதமேரி. அவன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். "சொல்லு தம்பி. எம்மேல ஆணை."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி அங்கிட்டு ஒரு பிளேன் விழுந்துருச்சும்மா. குண்டு போட வந்த பிளேனு. ஓட்டிக்கிட்டு வந்தவன் பாராசூட்ல குதிச்சிட்டான்னு துப்பாக்கியோட ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருந்தாங்க. ஜெஸ்வின் சாப்பாடு வாங்கிட்டுப் பாலத்து வழியா வந்தான். இந்தக் கோட்டைப் பாத்துட்டாங்க. வெள்ளை றெக்கை, பனியில எம்புட்டுத் தூரத்துக்கும் பளிச்சுன்னு தெரியும். அவங்க பாஷையில என்னமோ கத்துனாங்க. அவனுக்குப் புரியல. சோத்துப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுனான்."

நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்கல்லாம் கூட இருந்தீங்களே. அதைப் பிரிச்சுப் போடுடான்னு ஒருத்தன்கூடவா சொல்லல?"

அவன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "அந்த மூணு நாளும் சொன்னோங்கய்யா. நானே பிளேடை எடுத்துட்டுப் போனேன். வேணாம்டா, மாமாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன்னு சொல்லிட்டான்."

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற ஜெயராணி முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான்தான்மா கொன்னுட்டேன்" என்றேன். "வெறும் கோட்டே போதும்னு நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் அவனுக்குப் பட்டாளக்காரன் வேஷம் கட்டி அனுப்பிட்டேன். சத்தியம் வேற வாங்குனேன். கோட்டு கெட்டுப்போகும்னு வாங்குனேன்மா, ஒரு கோட்டுக்காக." அறுபத்துமூன்று வயதில், அத்தனை பேர் நடுவில், வாய்விட்டு அழுதேன்.

அற்புதமேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெற்றிசெல்வன் பக்கம் திரும்பினாள்.

"அறுத்ததை என்ன செஞ்ச?"

அவன் பர்சிலிருந்து பெயர்ப் பட்டையை எடுத்தான். பையின் அடியிலிருந்த ஒரு காலுறைக்குள்ளிருந்து றெக்கையை எடுத்தான். நாலாக மடித்து வைத்திருந்ததில் நடுவில் வெடித்திருந்தது. வெள்ளைத் தோல் பழுப்பேறியிருந்தது. அவள் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். பட்டையைக் கோட்டின் மேல் வைத்தாள். றெக்கையை என் முன்னால் பாயில் வைத்தாள்.

"பேரை மட்டும் தைங்க" என்றாள். "பேரில்லாம எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்."

ஜெயராணி வீட்டுக்குப் போய் என் ஊசியும் மெழுகு நூலும் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து தைத்தேன். புதிதாக ஒரு ஓட்டைகூடக் குத்த வேண்டியிருக்கவில்லை. பழைய ஓட்டைகளில் ஊசி தானாகப் போய் வந்தது. ஆனாலும் தையல் ஒன்று இறுகி ஒன்று தளர்ந்து விழுந்தது. கம்பெனியில் யாராவது இப்படி ஒரு தையல் போட்டிருந்தால் மூஞ்சியில் எறிந்திருப்பேன். முடித்து அவளிடம் நீட்டினேன். தையல் நிற்குமா என்று பட்டையின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். அது நான் எல்லோருக்கும் செய்து காட்டுகிற சோதனை.

"பிரியாதுல்ல?" என்றாள்.

"பிரியாது."

மறுநாள் சனிக்கிழமை காலையில் பூசை. பெட்டிக்குள் வெள்ளைத் துணி விரித்து, கோட்டை மல்லாத்திப் போட்டு, கைகள் இரண்டையும் நெஞ்சின் மேல் மடித்து, ஒரு ஜெபமாலையைச் சுற்றினாள் அற்புதமேரி. பெயர்ப் பட்டைக்கு மேலே றெக்கை வடிவத்தில் வெற்றுத் தோல் தெரிந்தது. சுற்றிலும் ஊசி ஓட்டைகள். அதன்மேல் ஒரு சம்பங்கி மாலையை வைத்து மறைத்தார்கள். கல்லறைக்குத் தூக்கிப்போக நாலு பேர் வந்தார்கள். நானும் தோள் கொடுத்தேன், யாரும் தடுக்கவில்லை. பதினேழாம் நம்பர் கோட்டின் எடை ஒன்றே முக்கால் கிலோ. அந்த எடை எனக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டோம். கூட்டம் கலைந்தது. நான் கல்லறை கேட்டருகே நின்றேன். அற்புதமேரி வந்தால் காலில் விழுந்துவிடுவது என்று இருந்தேன். அவள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் குனிவதற்குள் பேசினாள்.

"அந்த றெக்கை எங்க?"

சட்டைப்பையைத் தொட்டேன். நேற்றிலிருந்து அங்கேதான் இருந்தது. "எங்கிட்டதான் இருக்கு. குழியில போட்டுரட்டுமா? இல்ல கொளுத்திரட்டுமா? நீ சொல்றதச் செய்யிறேன் ஆத்தா."

"வேணாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அது அவனுதில்ல, ஒங்களுது. நீங்களே வச்சிக்கங்க."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். றெக்கை என் பீரோவில், கோட்டு தொங்கிய அதே கொக்கியில் தொங்குகிறது.